மாத்திரை தருகிறார்கள், வார்த்தை தருவதில்லை

சுகாதாரத்தில் சமூகநீதி என்று பேச்செடுத்தால் நம் மாணவர்கள் உடனே நீட் பற்றிப் பேசுகிறார்கள். அதற்கடுத்து மேற்படிப்பு இடஒதுக்கீடு, மருத்துவக் கல்லூரி விடுதிகளில் சாதி. எல்லாம் பேசவேண்டியவைதான். ஆனால் தருமபுரி மாவட்டத்தின் காலனிகளிலும் மலைக் கிராமங்களிலும் வேலை செய்துவரும் எங்களுக்கு, யாரும் கண்டுகொள்ளாத ஒருவரைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. அவர் மருந்தாளுநர். நம் பெரியவர்கள் வாயில் இன்னும் கம்பவுண்டர்.

ஒரு நோயாளி மருத்துவர் முன் உட்கார்ந்திருப்பது இரண்டு நிமிடம். அவர் எழுதிக் கொடுத்த மருந்தோடு வாழ்வது முப்பது நாள், சிலருக்கு ஆயுள் முழுக்க. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் மருந்தாளுநர். சீட்டைப் படிப்பவர், அளவு சரிதானா என்று பார்ப்பவர், மாத்திரையைக் கையில் கொடுப்பவர், அதை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்லவேண்டியவர். எங்கள் வாதம் இதுதான்: தமிழ்நாட்டில் மாத்திரை நம் மக்களுக்கு ஓரளவு வந்து சேர்ந்துவிட்டது. அதோடு சேர்ந்து வரவேண்டிய வார்த்தை வரவில்லை. ஆள் பற்றாக்குறை அதற்கு ஒரு காரணம். சாதி இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றி சுகாதாரத் துறை எந்த அறிக்கையிலும் எழுதுவதில்லை என்பதால் நாம் எழுதவேண்டியிருக்கிறது.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் தீண்டாமை என்றால் மிகைப்படுத்துகிறோம் என்று சிலர் நினைக்கலாம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா, குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் 12 கிராமங்களில் தலித் குழந்தைகள் மருத்துவம் பெறும் விதத்தை ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார். அதில் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்ட 1298 தடவைகளில் 1181 தடவை ஏதோ ஒரு பாகுபாடு இருந்தது. நூற்றுக்கு 91. மருந்து கொடுக்கும் இடமும் பரிசோதனை செய்யும் இடமும்தான் பாகுபாடு மிகுந்த இடங்களாக அந்த ஆய்வில் தெரியவந்தன. ஏன் என்று யோசித்தால் புரியும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை நடுவில் வைத்துக்கொள்ளலாம். மருந்து கை மாறியாக வேண்டும். கை மாறும் இடத்தில் சாதி விழித்துக்கொள்கிறது. அதற்கு முன்பே, 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு 2006இல் நூலாக வந்த தீண்டாமை பற்றிய ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்ததைப் பதிவு செய்தது.

அது வடக்கு, இது தமிழ்நாடு என்று பதில் வரும். அந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு அரசு மருத்துவமனைகளில் மருந்து இல்லை என்ற பேச்சு பெருமளவு குறைந்தது. மொத்தமாக வாங்குவது, ஒவ்வொரு தொகுப்பையும் ஆய்வகத்தில் சோதிப்பது, மாவட்டக் கிடங்கில் வைத்து அங்கிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் போட்டுக் கொடுப்பது என்ற அந்த முறையைப் பல மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டன. இன்று காலனியில் ஒரு பாட்டி தன் பிபி மாத்திரை அட்டையில் இருக்கும் அரசு முத்திரையை எங்களுக்குக் காட்டும்போது, அது பல ஆண்டுக் கால வேலையின் பலன் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் இது தருமபுரியும்கூட. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்ட மாவட்டம். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் அரசு ஊழியர்களே பழங்குடிப் பெண்களை வன்கொடுமை செய்த மாவட்டம். அந்த வழக்கின் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய 2023 வரை ஆயிற்று. இப்படிப்பட்ட மண்ணில் மருந்து ஜன்னல் மட்டும் சாதி தெரியாததாக இருக்கும் என்று நம்ப எங்களால் முடியாது.

எங்கள் பகுதியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி சொல்வார். அந்தக் காலத்தில் மிக்சர் வாங்க வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். ஊர்க்காரர்கள் பாட்டிலை கம்பவுண்டர் கையில் கொடுப்பார்கள். இவர்கள் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அவர் மேலே இருந்து ஊற்றுவார், சிந்தினது சிந்தினதுதான். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. மாத்திரை அட்டையாக வந்துவிட்டது, ஜன்னலில் கம்பி வந்துவிட்டது, தூக்கிப் போட்டாலும் அது அவசரத்தில் போட்டது என்று சொல்லிவிடலாம். இன்று சாதி தங்கியிருப்பது மொழியில். அதே ஜன்னல், அதே வரிசை. முன்னால் நிற்பவரிடம், "அம்மா, இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி, தலை சுத்தினா உடனே வாங்க." அடுத்து நிற்கும் அவர் வயதொத்த நம் அம்மாவிடம், "இந்தா, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. போ." மருந்து ஒன்றேதான். சொல்லும் குறைந்தது, மரியாதையும் குறைந்தது. "ங்க" என்ற விகுதி எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று ஒரு மணி நேரம் நின்று கேளுங்கள். சமூகவியல் முதுகலை வகுப்பில் எங்களுக்குக் கிடைக்காத பாடம் அங்கே கிடைக்கும்.

இதை மரியாதைப் பிரச்சினை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். சொல்லப்படாத ஒரு வாக்கியம் உடம்பில் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

சர்க்கரை நோய்க்குத் தரும் சில மாத்திரைகள், கிளிமிபிரைடு போன்றவை, சாப்பாட்டை ஒட்டி எடுக்கவேண்டியவை. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண் காலை ஆறரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். முதல் சாப்பாடு பதினொரு மணிக்கு, ஏரிக்கரையில். நடுவில் மண் வெட்டும் வேலை. சர்க்கரை இறங்கி மயங்கி விழுகிறார். அருகில் இருப்பவர்கள் வெயில் என்கிறார்கள், சாமி என்கிறார்கள். அவருடைய சீட்டில் சரியான மருந்துதான் எழுதப்பட்டிருக்கிறது, சரியான மருந்துதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. "காலையில நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. காலை, மதியம், இரவு என்று எழுதும் முறையே மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்படுகிறது.

இரும்புச்சத்து மாத்திரையையும் சொல்லவேண்டும். ரத்தசோகைக்காக ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தருகிறார்கள். நம் பெண்கள் பலர் அதைக் காலை டீயோடு விழுங்குகிறார்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. இரண்டு நாளில் மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மீதி மாத்திரை அரிசி டப்பாவுக்குப் பின்னால். அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறவில்லை என்றதும் செவிலியரிடம் திட்டு, "உங்களுக்கெல்லாம் எவ்வளவு சொன்னாலும்..." எவ்வளவு சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள், டீயோடு வேண்டாம். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

இன்சுலின் இன்னும் கடினம். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டிய மருந்தை, குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். மண்பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் வைக்கலாம், பயன்படுத்தத் தொடங்கிய குப்பியை ஏறத்தாழ நான்கு வாரம் அப்படிக் காக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கும் மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருவரை எங்களுக்குத் தெரியும். அவர்களிடம் வாங்கும் நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது.

இப்படிச் சொல்வது நல்ல மனதுள்ள சிலரின் கருணை அல்ல என்பதை மாணவர்கள் மனதில் வைக்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், 42ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத ஒருவர் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது. 2015இல் வந்த மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள் ஒரு படி மேலே போய், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் வேலையாகவே எழுதிவைத்திருக்கின்றன. மருந்தின் பெயர், எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள், பக்கவிளைவு என்ன, எங்கே வைப்பது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது. இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. நம் அம்மாக்களுக்குத் தெரியாத ஒரே காரணத்தால் யாரும் கேட்பதில்லை.

சரி, இந்த வேலை எங்கே எப்படி நடக்கிறது?

2008இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அரூர், பென்னாகரம், பாலக்கோடு என எல்லா வட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். புறநோயாளி மருந்து ஜன்னலில் நிற்கும் மருந்தாளுநர் ஓர் இயந்திரம் போல வேலை செய்கிறார். அவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது ஒருவரிடம் மூன்று நிமிடம் பேசினால் வரிசையே சண்டைக்கு வரும். ஆளைக் கூட்டுங்கள் என்று மருந்தாளுநர் சங்கங்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. 2022இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 889 மருந்தாளுநர் பணியிடங்களை அறிவித்தது. மாநிலம் முழுமைக்கும் சேர்த்து. அந்தக் கோரிக்கையில் நாம் அவர்களோடு நிற்கவேண்டும். ஆனால் அதே நெரிசலில் யாருக்கு இரண்டு வாக்கியம் கூடுதலாகக் கிடைக்கிறது என்ற கேள்வியை விட்டுக்கொடுக்காமல் நிற்கவேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதை வேறு. பெரும்பாலும் ஒரே ஒரு மருந்தாளுநர். மருந்து கொடுப்பதும் அவர், இருப்புக் கணக்கு எழுதுவதும் அவர், கிடங்குக்குப் போய் எடுத்து வருவதும் அவர், காலாவதித் தேதி பார்ப்பதும் அவர். அவர் கிடங்குக்குப் போன நாளில் மருந்து கொடுப்பது யார் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

இந்தக் கணக்கு எழுதும் வேலையில்தான் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. எவ்வளவு மருந்து செலவானதோ அதை வைத்துத்தான் அடுத்த முறை எவ்வளவு வேண்டும் என்று எழுதுகிறார்கள். மலையிலிருந்து இறங்க முடியாத நோயாளி மருந்து வாங்கவில்லை. வாங்காததால் செலவாகவில்லை. செலவாகாததால் தேவை இல்லை என்று பதிவேடு சொல்கிறது. ஒருவர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவேண்டியதில்லை. தூரமும் கணக்கும் சேர்ந்து ஒரு கிராமத்தின் நோயையே காகிதத்திலிருந்து அழித்துவிடும். சித்தேரி மலையின் உள் ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வந்தால் அந்த மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறிப் போகும், பத்திரிகைகள் படம் போடும். மாத்திரை ஏற்றிப்போன கழுதையின் படத்தை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்க வந்ததுதான் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நாங்கள் வேலை செய்யும் காலனிகளில் இது உண்மையாகவே பலன் தந்திருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி மாத்திரை வாங்கப் போகவேண்டிய நிலை பலருக்கு மாறியிருக்கிறது. குறை சொல்லும் முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு வருபவர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், மருந்தாளுநர் அல்ல. குறைந்த ஊதியத்தில் வேகாத வெயிலில் நடக்கும் பெண். அவர் காலனியைச் சேர்ந்தவராக இருந்தால் என்ன ஆகிறது என்று எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா சொன்னார். ஊர்த் தெருவில் சில வீடுகளில் மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பிபி பார்க்கும் பட்டையைக் கையில் கட்டவேண்டும் என்றால், "நேத்துதான் பார்த்தோம்" என்கிறார்கள். மாத்திரை வேண்டும், கை வேண்டாம். அந்த அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை. தீண்டாமை பார்ப்பவரின் ரத்த அழுத்தம் பதிவேட்டில் தவறாக ஏறுகிறது என்றால், சாதி அவரையும்தான் கொல்கிறது. அந்த முட்டாள்தனத்துக்கு நாம் பொறுப்பல்ல. அந்த அக்காவின் கண்ணியத்துக்குத் துறை பொறுப்பு. திண்ணையில் வைக்கச் சொல்வது எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கண்ணோடு பார்க்கவேண்டிய விஷயம் என்று அவருக்குக் கொடுத்த பயிற்சியில் யாராவது சொன்னார்களா?

இனி தனியார் மருந்துக்கடை. நம் மக்கள் அதிகம் போவது இங்கேதான். மாலை வேலை முடிந்து வரும்போது சுகாதார நிலையம் பூட்டியிருக்கும், மெடிக்கல் திறந்திருக்கும்.

தருமபுரியில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். தலைமுறைகளாக அந்தத் தண்ணீரைக் குடித்து பல் பழுப்பேறி, முதுகும் முட்டியும் விறைத்துப் போனவர்கள் இங்கே ஏராளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. நல்ல தண்ணீர் வந்தாலும் ஏற்கெனவே கெட்ட எலும்பு திரும்புவதில்லை. வலி இருக்கிறது, கூலி வேலைக்கும் போகவேண்டியிருக்கிறது. அதனால் கடையில் போய் "கைகால் வலிக்கு ஒரு செட் மாத்திரை" என்று கேட்கிறார்கள். நான்கைந்து நிற மாத்திரைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில் வருகின்றன. பெயர் இல்லை, அட்டை இல்லை, ரசீது இல்லை. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலிநிவாரணி, வாயுவுக்கு ஒன்று, சில கடைகளில் ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போட்டால் அன்று மாலையே துள்ளி நடக்கலாம். அதனால் அந்தக் கடை ராசியான கடை. மாதக்கணக்கில் போனால் வலிநிவாரணி வயிற்றையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், ஏற்கெனவே நொந்த எலும்பை இன்னும் நொறுக்கும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. விற்பவர் மருந்தாளுநராக இருந்தால் அவருக்கு இது தெரியும். ஆனால் அங்கே நிற்பவர் அநேகமாக மருந்தாளுநர் அல்ல.

அப்படியானால் மருந்தாளுநர் எங்கே? சுவரில் இருக்கிறார். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழில்.

இதைப் பற்றிப் பேச நம்மிலேயே சிலருக்குத் தயக்கம். பேசித்தான் ஆகவேண்டும். சான்றிதழை வாடகைக்கு விடுவது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒருவரின் டி.பார்ம். பதிவு ஒரு கடையின் பெயரில் போகிறது. கடை நடத்துபவர் வேறு, கல்லாவில் உட்காருபவர் வேறு, மாத்திரை எடுத்துக் கொடுப்பது பத்தாவது முடித்த ஒரு பையன். ஆய்வாளர் வருகிறார் என்றால் போன் போகும். இப்படிச் சான்றிதழை வாடகைக்கு விட்டவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் தலைமுறை, அப்பா செங்கல் சூளை, அம்மா களை எடுப்பவர். இரண்டு வருடப் படிப்பு, அதன்மேல் மூன்று மாதம் 500 மணி நேரப் பயிற்சி. பெரும்பாலான இடங்கள் சுயநிதிக் கல்லூரிகளில். கல்வி உதவித்தொகை தாமதமானால் மூலச் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளும் கதை தனி. அத்தனையும் தாண்டிப் படித்து முடித்த பிள்ளையின் பெயர் பஸ் ஸ்டாண்டு கடைச் சுவரில் தொங்குகிறது. பிள்ளை பெங்களூரில் டெலிவரி வண்டி ஓட்டுகிறது.

அந்தப் பிள்ளைகளைத் திட்டுவது சுலபம். கடை வைக்க என்ன வேண்டும் என்று பார்க்கலாம். சில்லறை மருந்துக்கடை உரிமத்துக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று விதி. கடைவீதியில் நம் ஆளுக்கு அந்த 10 சதுர மீட்டரை யார் வாடகைக்குத் தருகிறார்கள்? "என்ன ஆளுங்க நீங்க" என்ற கேள்வி வரும், பிறகு "சொந்தக்காரர் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்ற பதில் வரும். இடம் கிடைத்தாலும் மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு கொடுப்பது முகம் பார்த்து. சரி, வேலைக்காவது போகலாம் என்று ஒரு கடையில் சேர்ந்த தம்பி ஒருவர் எங்களிடம் சொன்னது: முன்னால் நிற்க விடவில்லை, பின்னால் பெட்டி பிரித்து அடுக்கும் வேலை. ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரியும், அதுதான் காரணம். படித்தவர் பின்னால், படிக்காதவர் முன்னால். அந்தத் தம்பியின் சான்றிதழ் மட்டும் முன்னால் தொங்கியது. அதற்குத் தீட்டு இல்லை போலும்.

அந்தத் தம்பிகளுக்கு நாம் சொல்லவேண்டியது ஒழுக்க உபதேசம் அல்ல, கணக்கு. உங்கள் பெயரில் நடக்கும் கடையில் தவறான மருந்து போய் ஓர் உயிர் போனால், பதில் சொல்லவேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். போவது உங்கள் பதிவு. மாதம் சில ஆயிரத்துக்கு நீங்கள் வாடகைக்கு விடுவது காகிதத்தை அல்ல, ஜெயிலுக்குப் போகும் வாய்ப்பை. அதைவிடப் பெரிய கணக்கும் ஒன்று உண்டு. நீங்கள் இல்லாத அந்தக் கல்லாவில் பொட்டலம் வாங்குவது உங்கள் பாட்டிதான்.

மருந்தாளுநர் இல்லாத கடை எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2025ஐவிட வேறு சான்று வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு விற்பனையைத் தடை செய்தது. தடை உத்தரவு சென்னையில் பிறக்கிறது. அது செயலாவது, கடைசிக் கடையில் ஒருவர் அலமாரியைத் திறந்து தொகுப்பு எண்ணைப் படித்து, பாட்டிலை எடுத்துத் தனியே வைக்கும்போது. அந்த ஒருவர் சுவரில் தொங்கினால் எந்த உத்தரவும் செயலாகாது. காசநோய் மருந்துகளுக்கும் இதே நிலைதான். அவை எச்1 அட்டவணையில் வருபவை. யாருக்கு, யார் சீட்டுக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்று தனிப் பதிவேடு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும். அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகத்தைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் மருந்தாளுநர்களே ஏழு வகைச் சாதாரண நோய்களுக்கு மருத்துவரிடம் அனுப்பாமல் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். அங்கே அந்த வேலைக்கு அவ்வளவு மதிப்பு. நம் நாட்டிலும் 2008இலிருந்து ஆறு வருட ஃபார்ம்.டி. படிப்பு இருக்கிறது, மருத்துவமனைப் படுக்கையோரம் நின்று மருந்தைக் கவனிக்கவே உருவான படிப்பு. முடித்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் உரிய இடம் இன்னும் அமையவில்லை. அதைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுகிறோம்.

அரசிடம் ஒரு வழி திறந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுவதும் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. குறைந்த விலையில் ஜெனரிக் மருந்து. பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்களே தொழில்முனைவோராக நடத்தலாம், மூன்று லட்சம் ரூபாய் மானியம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசுப் பணியிடத்தில் 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் என்று இருக்கும் இடஒதுக்கீடு, அரசுப் பணத்தில் திறக்கும் மருந்தகத்தில் எங்கே? இடம் வாடகைக்குக் கிடைக்காத நம் பிள்ளைக்கு மானியம் மட்டும் கொடுத்தால் அது கடைவீதியில் இடம் வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். கூட்டுறவுக் கட்டடம், ஊராட்சிக் கட்டடம், பேருந்து நிலையக் கடைகள், இவற்றில் அந்த 10 சதுர மீட்டரை அரசே ஒதுக்கி, தாட்கோ கடனை அதோடு இணைத்துத் தரவேண்டும். ஊருக்கும் காலனிக்கும் பொதுவான இடத்தில், நம் பிள்ளை வெள்ளைக் கோட்டுப் போட்டு, பெயர்ப் பட்டையோடு நிற்கவேண்டும். ஊர்க்காரர் அவரிடம் மாத்திரையைக் கையில் வாங்கவேண்டும்.

நடக்காது என்பவர்களை சிட்லிங்கிக்குக் கூட்டிப்போகிறோம். 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அந்த மலைப் பள்ளத்தாக்குக்கு வந்து சிறிய குடிசையில் மருத்துவம் தொடங்கினார்கள். ட்ரைபல் ஹெல்த் இனிஷியேடிவ் என்ற பெயரில் அது இன்று மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து ஆள் கிடைக்காத நிலையில் அவர்கள் உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவித்தார்கள். நோயாளி பேசும் மொழியில், நோயாளியின் சாப்பாடும் வேலையும் தெரிந்த ஒருவர் மருத்துவம் பற்றிப் பேசுகிறார். வெறும் இனிய பேச்சு அல்ல, அந்தப் பள்ளத்தாக்கில் குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. எல்லாவற்றையும் தொண்டு நிறுவனமாக மாற்றச் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது அரசு வேலை, அரசுப் பொறுப்பு. யார் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறார் என்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு அது நம் மாவட்டத்திலேயே இருக்கும் சான்று.

வேலைக்கு வருவோம். வரும் வாரங்களில் நாங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறோம், பத்து ரூபாய் செலவு. மாவட்டத்தின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்தாளுநர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, அவர் விடுப்பில் இருக்கும் நாளில் மருந்து கொடுப்பது யார் என்று மாவட்ட சுகாதார அலுவலரிடம் கேட்கிறோம். முதல்வர் மருந்தகம் நடத்துபவர்களில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர் என்று கூட்டுறவுத் துறையிடம் கேட்கிறோம். கடந்த மூன்று ஆண்டுகளில் மருந்தாளுநர் இல்லாமல் விற்றதற்காக எத்தனை கடைகள்மீது நடவடிக்கை எடுத்தீர்கள் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கேட்கிறோம்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, நல்லம்பள்ளி பக்கம் இருக்கும் கல்லூரி மாணவர்கள் சேர்ந்துகொண்டால் சீக்கிரம் முடியும். கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானமும் எழுதி வைத்திருக்கிறோம்: மலை ஊர்களுக்கு மாதம் இருமுறை மருந்தாளுநரோடு நடமாடும் மருத்துவ வண்டி, ஜன்னலில் எல்லாரையும் "நீங்க" என்று பேசும் நடத்தை விதி, தன்னார்வலர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பயிற்சி. டி.பார்ம். முடித்து சான்றிதழைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் இருக்கும் தம்பி தங்கைகள் தனியாக எங்களிடம் பேசுங்கள். பதிவை விடுவிக்கக் கடிதம் எழுதுவது எப்படி, எங்கே கொடுப்பது என்று கூட இருந்து செய்து தர இரண்டு வழக்கறிஞர் தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.